பெரியவர்களின் வளைந்த முதுகுக்கும் பிரேஸ் உண்டு, தெரியுமா?

நூற்றுக்கு 68 பேர்! அறுபது வயதைத் தாண்டியவர்களில் அத்தனை பேருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது, தெரியுமா? அமெரிக்காவில் ஃபிராங்க் ஷ்வாப் என்ற முதுகெலும்பு மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2005-இல் வெளியிட்ட கணக்கு இது. முதுகு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை வைத்து எடுத்ததும் இல்லை. தங்களுக்கு வளைவு இருப்பதே தெரியாத 75 முதியவர்கள் தாமாக முன்வந்து எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார்கள். அவர்களில்தான் இப்படி!

இந்தப் பக்கவாட்டு வளைவுக்குப் பெயர் ஸ்கோலியோசிஸ். அந்தப் பெயரைக் கேட்டதும் நம் கண்முன் வருவது பள்ளிக்கூடப் பிள்ளைகள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஒரு தோள் உயர்ந்து, ஒரு பக்கம் விலா துருத்திக்கொண்டு நிற்கும் பெண் குழந்தை. அவளுக்குப் பிரேஸ் என்ற முதுகுக் கவசம் போடுவார்கள் என்பதும் ஓரளவு தெரியும். ஆனால் அவளுடைய அம்மாவுக்கு? பாட்டிக்கு? ‘வளர்ச்சி நின்றுபோச்சு, இனிமேல் பிரேஸ் போட்டு என்ன பயன், தாங்க முடிகிறவரைக்கும் மாத்திரை, தாங்காவிட்டால் ஆபரேஷன்’ என்ற பேச்சைக் கேட்டுவிட்டு, வலியைச் சுமந்துகொண்டே வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர்! மாத்திரைக்கும் கத்திக்கும் நடுவில் இன்னொரு வழி இருக்கிறது. பிரேஸ், அதோடு பயிற்சி. வளர்ந்தவர்கள் உடம்பில் அந்தப் பிரேஸ் செய்கிற வேலையே வேறு என்பதுதான் இதில் பெரிய ஆச்சரியம்!

முதலில் அளவைப் பார்ப்போம். எவ்வளவு வளைந்தால் ஸ்கோலியோசிஸ்? பத்து டிகிரி. எக்ஸ்ரே படத்தில், வளைவின் மேல்கோடியில் அதிகமாகச் சாய்ந்திருக்கும் முள்ளெலும்புக்கு ஒரு கோடு, கீழ்க்கோடியில் சாய்ந்திருக்கும் முள்ளெலும்புக்கு ஒரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் இடையிலான கோணம்தான் அளவு. ஜான் காப் என்ற நியூயார்க் மருத்துவர் 1948-இல் விளக்கிய இந்த முறையைத்தான் இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள்! ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தால் ஐந்து டிகிரி வரை வித்தியாசம் வரலாம். போன வருடம் 32, இந்த வருடம் 35 என்று ரிப்போர்ட் வந்தால் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். அது வளைவு கூடியதாகவே இல்லாமல் இருக்கலாம்.

பெரியவர்களுக்கு வளைவு வரும் பாதைகள் இரண்டு முக்கியமானவை. பதின்பருவத்தில் தொடங்கியது அப்படியே கூட வந்திருக்கும். அல்லது அதுவரை நேராக இருந்த முதுகு, ஐம்பதைத் தாண்டியபின் புதிதாக வளையத் தொடங்கும்! நாம் ‘ஜவ்வு தேய்ந்துவிட்டது’ என்று சொல்கிறோமே, அந்த டிஸ்க் இரண்டு பக்கமும் ஒரே சீராகத் தேய்வதில்லை. ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்தால் மேலே இருக்கும் எலும்பு அந்தப் பக்கம் சாய்கிறது. சாய்ந்தால் அந்தப் பக்கம் இன்னும் பாரம் ஏறுகிறது. பாரம் ஏறினால் இன்னும் தேய்கிறது. எலும்பு சாய்வதோடு நிற்காமல் திருகவும் செய்கிறது. சில பேருக்கு ஒரு முள்ளெலும்பு அடுத்ததன்மேல் பக்கவாட்டில் நழுவிவிடுகிறது. இடுப்புப் பகுதியில்தான் இது அதிகம். ஜாக்கெட் தைக்க அளவெடுக்கும் டெய்லர் ‘ஒரு பக்கம் இறங்கியிருக்கே’ என்று சொல்லும்போதுதான் பல பெண்களுக்கு முதன்முதலாகத் தெரியவருகிறது. புடவை ஓரம் ஒரு பக்கம் மட்டும் தரையில் புரளும். வேட்டியும் அப்படியே.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் நடந்த வேலை பிரமிக்க வைக்கிறது! வளைபாதத்தோடு பிறந்த குழந்தைகளைக் கத்தி இல்லாமல், மாவுக்கட்டுப் போட்டே குணப்படுத்தும் முறைக்குப் பெயர் தந்தவர் இக்னேசியோ பொன்செட்டி. அவரும் ஸ்டூவர்ட் வெய்ன்ஸ்டீனும் சேர்ந்து ஸ்கோலியோசிஸ் உள்ளவர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வளர்ச்சி முடியும்போது 30 டிகிரிக்குள் இருந்த வளைவுகள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிட்டன. 50 டிகிரியைத் தாண்டிய மார்புப் பகுதி வளைவுகளோ வருடத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு டிகிரி வீதம் கூடிக்கொண்டே போயின. ஒரு டிகிரி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். இருபது வயதில் 50 என்றால் ஐம்பது வயதில் எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்!

அதே குழுவின் ஐம்பது ஆண்டு ஆய்வு 2003-இல் வெளியானது. பதின்பருவத்தில் வளைவு வந்து, எந்தச் சிகிச்சையும் எடுத்துக்கொள்ளாத 117 பேர். என்ன ஆனார்கள் தெரியுமா? பெரும்பாலானவர்கள் வேலை பார்த்தார்கள், குடும்பம் நடத்தினார்கள், நிறைவாக வாழ்ந்தார்கள்! ‘இந்த முதுகோடு எப்படிக் கல்யாணம், எப்படிப் பிரசவம்’ என்று ஒரு பெண்ணைப் பயமுறுத்துகிறவர்களிடம் சொல்ல வேண்டிய முதல் செய்தி இது. நீடித்த முதுகுவலி மட்டும் அவர்களில் 61 சதவீதம் பேருக்கு இருந்தது. ஸ்கோலியோசிஸ் இல்லாத, அதே வயதுக்காரர்களில் 35 சதவீதம். ஆக, பெரியவர்களின் பெரிய பிரச்சினை வலிதான்.

பிரான்சில் 2007-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்வதைக் கேளுங்கள். பெரியவர்களுக்கு வளைவு கூடும்போது, ஒவ்வொருவருக்கும் அவரவருக்கென்று ஒரு வேகம் இருக்கிறதாம். அந்த வேகம் வருடக்கணக்கில் பெரிதாக மாறுவதில்லை! அப்படியானால் சில வருட இடைவெளியில் எடுத்த பழைய படங்கள் இருந்தால், உங்கள் முதுகு எந்த வேகத்தில் போகிறது என்று மருத்துவரால் கணிக்க முடியும். பீரோவின்மேல் சுருட்டிப் போட்டிருக்கும் பழைய எக்ஸ்ரே படங்களைத் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவை ஒவ்வொன்றும் பொக்கிஷம்!

இனி ஒரு கதை. டைனோசருக்கும் ஸ்கோலியோசிஸுக்கும் தொடர்பு உண்டு, தெரியுமா? இங்கிலாந்தின் லூயிஸ் நகரில் மருத்துவராக இருந்தவர் கிடியன் மான்டெல். விசித்திரமான பற்களின் புதைபடிவங்களைக் கண்டு, ஒரு மாபெரும் பல்லியினம் வாழ்ந்திருக்க வேண்டும் என்று சொல்லி, 1825-இல் அதற்கு இகுவானோடான் என்று பெயர் சூட்டியவர் அவர்தான். 1841-இல் லண்டனில் குதிரைவண்டி விபத்தில் சிக்கினார். அதன்பின் வாழ்நாள் முழுக்க முதுகுவலி. முதுகின் ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு நின்றதைக் கட்டி என்று நினைத்தார்கள். வலிக்கு அபின் கலந்த மருந்தே துணை. 1852-இல் அந்த மருந்தின் அளவு மிஞ்சியே இறந்துபோனார். உடலை அறுத்துப் பார்த்தபோது கட்டி எதுவும் இல்லை! முதுகெலும்பு வளைந்து, திருகி, எலும்பே ஒரு பக்கம் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அதை ஆராய்ந்து எழுதியவர் வில்லியம் ஆடம்ஸ் என்ற மருத்துவர். நிமிர்ந்து நிற்கும்போது தெரியாத திருகல், குனியும்போது தெரிகிறது என்று பின்னாளில் அவர் சொன்னதுதான் இன்று பல நாடுகளில் பள்ளிகளில் செய்யப்படும் குனிந்து பார்க்கும் சோதனை! உலகத்துக்கு இகுவானோடானைத் தந்த மனிதரின் முதுகெலும்பு லண்டனில் அறுவை மருத்துவர்களின் ராயல் கல்லூரியில் நூறு வருடங்களுக்கும் மேல் இருந்தது. இடமில்லை என்று 1969-இல் அழித்துவிட்டார்கள். படிக்கும்போதே நெஞ்சு பதறுகிறது.

வளைந்த முதுகோடு போர் புரிந்த அரசர் ஒருவர் உண்டு. இங்கிலாந்தின் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு 2012-இல் லெஸ்டர் நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்தது. அவருடைய வளைவு 65 முதல் 85 டிகிரி வரை இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அந்த முதுகோடுதான் 1485-இல் பாஸ்வொர்த் களத்தில் இறங்கினார்! உசேன் போல்ட்டுக்கும் ஸ்கோலியோசிஸ் இருக்கிறது. 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடியது அந்த உடம்புதான்!

சரி, பிரேஸ். இதன் வரலாறு நானூறு ஆண்டுகளுக்கும் மேல் பின்னோக்கிப் போகிறது, தெரியுமா? பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசர்கள் நால்வருக்கு மருத்துவராக இருந்த ஆம்ப்ரோஸ் பாரே, போர்க்கவசம் செய்யும் கொல்லர்களைக் கொண்டு இரும்பிலேயே முதுகுக் கவசம் செய்யவைத்தார். எடை குறைய அதில் நிறையத் துளைகள்! 1870-களில் நியூயார்க்கின் லூயிஸ் சேயர், தலையையும் அக்குளையும் கட்டி நோயாளியை முக்காலிச் சட்டத்தில் தொங்கவிட்டு, தொங்கும் நிலையிலேயே மாவுக்கட்டுச் சுற்றினார். 1940-களில் வால்டர் பிளவுன்ட், ஆல்பர்ட் ஷ்மிட் இருவரும் உருவாக்கிய மில்வாக்கி பிரேஸ், இடுப்பிலிருந்து தாடை வரை கம்பியும் வளையமுமாக எழும்பி நின்றது. அதன் முதல் வேலை போலியோவால் முதுகு சரிந்து அறுவை செய்துகொண்டவர்களைத் தாங்குவது! 1970-களின் தொடக்கத்தில் வந்த பாஸ்டன் பிரேஸ்தான் கழுத்துக் கம்பியை ஒழித்து, சட்டைக்குள் மறையும் பிளாஸ்டிக் கூடாக மாறியது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் அதைக் கண்டு எவ்வளவு நிம்மதி அடைந்திருப்பார்கள்!

இந்த வரிசையில் என்னை மிகவும் ஈர்ப்பவர் மருத்துவரே அல்லாத ஒரு பெண். கதரீனா ஷ்ரோத். 1894-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிறந்தவர். அவருக்கே ஸ்கோலியோசிஸ். பதின்பருவத்தில் எஃகுப் பிரேஸ் போட்டுக்கொண்டு அவதிப்பட்டவர். ஒருநாள் நசுங்கிய ரப்பர் பந்து ஒன்று அவர் கண்ணில் பட்டது. உள்ளே காற்று நிறைந்தால் நசுங்கல் வெளியே வந்துவிடுகிறதே! விலா அமுங்கியிருக்கும் பக்கத்துக்கு மூச்சை அனுப்பினால் என்ன? கண்ணாடி முன் நின்று, தன் உடம்பிலேயே செய்து பார்த்தார். 1921-இல் மைஸன் நகரில் தன் மையத்தைத் தொடங்கினார். வளைவின் குழிந்த பக்கத்துக்கு மூச்சை நிரப்பி, உடம்பை நீட்டி, திருகலுக்கு எதிராகத் திருப்பும் அந்தப் பயிற்சிகள் நூறு வருடம் கழித்து இன்றும் உயிரோடு இருக்கின்றன! பிரான்சின் ஷாக் ஷெனோ உருவாக்கிய பிரேஸிலும் இதே கருத்தைப் பார்க்கலாம். ஒரு பக்கம் அழுத்தும், எதிர்ப்பக்கம் உடம்பு விரிய வெற்றிடம் விட்டிருக்கும்.

பெரியவர்கள் போட்ட முதுகுக் கவசங்களிலேயே உலகம் அறிந்தவை யாருடையவை தெரியுமா? மெக்சிகோ ஓவியர் ஃபிரிடா காலோவுடையவை. அவருக்குச் சிறுவயதில் போலியோ, 1925-இல் பேருந்து விபத்து. மாவுக்கட்டு, தோல், எஃகு என்று எத்தனையோ கவசங்களுக்குள் அவர் வாழ்ந்தார். மாவுக்கட்டுக் கவசங்களின் மேலேயே வண்ணம் தீட்டினார்! 1944-இல் வரைந்த ‘உடைந்த தூண்’ ஓவியத்தில் எஃகுக் கவசம் அணிந்த தன்னையே வரைந்திருக்கிறார். அவர் இறந்தபின் பூட்டிக் கிடந்த குளியலறையை 2004-இல் திறந்தபோது அந்தக் கவசங்களும் உள்ளே இருந்தன. இன்றைக்குப் பிரேஸ் போட்டுக்கொள்ளக் கூச்சப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

இப்போது விஷயத்தின் மையம். பிள்ளைகளின் பிரேஸும் பெரியவர்களின் பிரேஸும் ஒன்றல்ல! பிள்ளைகளுக்கு எலும்பு வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வளர்ச்சியைத் திசைதிருப்பி, வளைவு அறுவை எல்லையைத் தொடாமல் காப்பதே நோக்கம். 2013-இல் வெளியான அமெரிக்க, கனடா ஆய்வில் பிரேஸ் போட்ட பிள்ளைகளில் 72 சதவீதம் பேர் அந்த எல்லையைத் தொடவில்லை. போடாதவர்களில் 48 சதவீதம்தான். பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள்! ஆனால் அங்கே நாளுக்கு 18 மணி நேரம் போடச் சொல்லியிருந்தார்கள்.

பெரியவர்களுக்கு வளர்ச்சி இல்லை. ஆகவே வளைவை நிமிர்த்துவது நோக்கமே இல்லை. தேய்ந்த பக்கத்தின் பாரத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்வது, திருகலையும் நழுவலையும் அடக்குவது, வயிற்றைச் சுற்றி இறுக்கிப் பிடித்து முதுகுத் தசைகளின் களைப்பைக் குறைப்பது, கூடும் வேகத்தை மட்டுப்படுத்துவது. இவ்வளவும் நாளுக்குச் சில மணி நேரத்தில்!

எண்களைப் பாருங்கள். பாரிஸில் 38 பெரியவர்களுக்கு அவரவர் இடுப்பளவுக்கு அச்செடுத்துச் செய்த பிரேஸ், நாளுக்குக் குறைந்தது 6 மணி நேரம். பிரேஸுக்கு முன் அவர்களுடைய வளைவு சராசரியாக வருடத்துக்கு 1.28 டிகிரி கூடிக்கொண்டிருந்தது. பிரேஸுக்குப் பின் 0.21 டிகிரி! 2017-இல் வெளியான ஆய்வு இது. இத்தாலியில் இன்னொரு குழு, பெரிய வளைவும் நாள்பட்ட வலியும் உள்ள 20 பெண்களுக்கு, நாளுக்கு 2 முதல் 4 மணி நேரம் மட்டும் போடும்படி ஒரு பிரேஸ் கொடுத்தது. சராசரி வயது அறுபத்தெட்டை ஒட்டியது. ஒரே மாதத்தில் வலி குறைந்தது! இரண்டும் சிறிய ஆய்வுகள். பிள்ளைகளுக்கு நடந்ததைப் போன்ற பெரிய சோதனைகளின் எடை இவற்றுக்குக் கிடையாது. ஆனால் ‘பெரியவர்களுக்குப் பிரேஸால் ஒரு பயனும் இல்லை’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடும் காலம் போய்விட்டது என்பது என் திடமான எண்ணம்.

எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? முன்பெல்லாம் உடம்பில் மாவுக்கட்டுச் சுற்றி அச்செடுப்பார்கள். இன்று பல இடங்களில் கையடக்க ஸ்கேனர் உடம்பைச் சுற்றி வந்தால் போதும், கணினித் திரையில் உங்கள் உடம்பே நிற்கிறது! அதைத் திருத்தி, நுரைக்கட்டையில் இயந்திரத்தால் செதுக்கி, சூடேற்றிய பிளாஸ்டிக் தகட்டை அதன்மேல் போர்த்திக் கூடாக்குகிறார்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அழுத்தத்தைப் பெரியவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள். வயதானவர்களின் விலா எலும்பு பலவீனமாக இருக்கலாம். ஆகவே எலும்பின் அடர்த்தியைப் பார்த்துக்கொள்வது நல்லது. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் வயிற்று அழுத்தத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால் தோலைத் தினமும் பார்க்க வேண்டும்.

மெடிக்கல் கடையில் தொங்கும் ரெடிமேட் இடுப்பு பெல்ட் இதற்கு ஈடாகாது. அது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இறுக்கும். உங்கள் வளைவு எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியாது!

எப்போது போட வேண்டும்? அடுப்படியில் நெடுநேரம் நிற்கும் வேளை, பஸ் பயணம், சாயங்காலமானால் ஏறும் வலி என்று அவரவர் நாளைப் பார்த்து நேரத்தை அமைக்கிறார்கள். சாயங்காலம் வலி கூடுவதற்குக் காரணம் உண்டு. பகல் முழுக்க நிற்பதில் டிஸ்க்குகள் நீரை இழந்து அமுங்குகின்றன. காலையில் இருந்ததைவிட இரவில் நாம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குள்ளம், தெரியுமா! நம் ஊர் வெயிலில் பிரேஸுக்கு அடியில் தையல் உறுத்தாத பருத்தி பனியன் கட்டாயம், வியர்த்தால் மாற்றிக்கொள்ள இன்னொன்றும் வேண்டும். கழற்றியபின் அரைமணி நேரமாகியும் சிவப்பு மறையவில்லை என்றால், பொறுத்துக்கொள்ளாமல் செய்தவரிடம் எடுத்துப் போய்ச் சரிசெய்யச் சொல்லுங்கள். பிரேஸ் போட்டால் தசை செத்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். அப்படித்தான் ஆகும் என்று ஆய்வுகள் உறுதியாகச் சொல்லவில்லை. இருந்தாலும் பிசியோதெரபி பயிற்சியை விடவே கூடாது. பயிற்சியில்லாத பிரேஸ் பாதி மருத்துவம்தான்.

பக்கவாட்டு வளைவைவிட முன்பக்கச் சாய்வு அதிகம் வாட்டும் என்பது தெரியுமா? 2005-இல் ஸ்டீவன் கிளாஸ்மன் குழு நூற்றுக்கணக்கானவர்களின் படங்களை ஆராய்ந்து, உடம்பு எவ்வளவு முன்னால் சாய்ந்திருக்கிறதோ அவ்வளவு வலியும் சிரமமும் கூடுவதைக் கண்டது. நம் உடம்பு ஒரு கூம்புக்குள் ஆடிக்கொண்டிருக்கிறது, அதன் நடுவில் இருக்கும்வரை நிற்பதற்குச் சக்தி அதிகம் செலவாகாது, விளிம்புக்குப் போகப் போகத் தசைகள் தவித்துப்போகும் என்று பிரெஞ்சு மருத்துவர் ஷான் துபூசே அழகாக விளக்கினார். அதனால் பெரியவர்களுக்குப் பிரேஸ் செய்யும்போது பக்கவாட்டுப் படம் அவ்வளவு முக்கியம்.

படம் என்றதும் ஒரு கவலை வரும். அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டில் ஸ்கோலியோசிஸுக்காகச் சிகிச்சை பெற்ற 5,500-க்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்தபோது, அவர்கள் சராசரியாக 25 எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் அவர்களில் கூடுதலாக இருந்தார்கள். மார்புப் பக்கமிருந்து கதிர் பாயாமல் முதுகுப் பக்கமிருந்து பாயவைத்தாலே மார்பகத்துக்குப் போகும் அளவு வெகுவாகக் குறைந்துவிடுகிறது! இன்னொரு அதிசயம், 1992-இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஷார்பாக்கின் கண்டுபிடிப்பு. அணுத்துகள்களைப் பின்தொடர அவர் உருவாக்கிய உணர்கருவியின் அடிப்படையில் பிறந்ததுதான் ஈயோஸ் என்ற படக்கருவி. நின்ற நிலையில், தலை முதல் கால் வரை, முன்னும் பக்கவாட்டும் ஒரே நேரத்தில், மிகக் குறைந்த கதிரில் எடுத்துவிடுகிறது! நின்றுகொண்டு எடுப்பது ஏன் முக்கியம்? படுத்தால் வளைவு குறைந்து காட்டும்.

பிரேஸ் யாருக்குப் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சில எட்டுகள் நடந்ததும் கால் மரத்து உட்கார வைக்கிற அளவுக்கு நரம்பு நெருக்குண்டவர்கள், வேகமாகச் சரிந்துகொண்டே போகிறவர்கள் அறுவை மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். ‘நிமிர்த்திக் காட்டுகிறோம்’ என்று உறுதிமொழி தரும் விளம்பரங்களை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள். பிரேஸ் பரிந்துரைத்தால், அது வலிக்கா, வேகத்தைக் குறைக்கவா, நாளுக்கு எத்தனை மணி நேரம், எத்தனை மாதத்தில் மறுபடி அளந்து பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். கால் திடீரென்று பலமிழந்தாலோ, தொடைகளின் உள்பக்கமும் ஆசனவாயைச் சுற்றியும் உணர்வு மரத்தாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போனாலோ, அல்லது சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, பிரேஸைக் கழற்றிப் போட்டுவிட்டு அன்றைக்கே, அந்த மணிக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.